குறுஞ்செய்தியில் உணர்ச்சியை வாசித்தல்: ஆளுமையின் பங்கு – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னோடு ஒரே பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய நண்பர் ஒருவர், தாம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருப்பதாக அக்குழுவில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 64. உடனே நான், "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா சார்?" என்று எழுதினேன். நேரில் இப்படி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது எங்களுக்குள் பல ஆண்டுப் பழக்கம். ஆனால் அவரிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஐந்து மாதங்கள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

அதே குழுவில் இன்னொரு நண்பர் இருக்கிறார். அவரிடம் இதைவிடக் கடுமையாகக் கேலி செய்தாலும் பத்துச் சிரிப்புப் பொம்மைகளோடு பதில் வரும். எழுதியவன் நான் ஒருவனே. கேலியும் ஒரே வகைதான். அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது? எழுத்திலிருந்தா, வாசித்தவரிடமிருந்தா?

இக்கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அறிந்தேன். எழுத்தில் தொலைந்த குரலை மீட்க மனிதர்கள் செய்த முயற்சிகள் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. அந்தக் குரலை வாசிப்பவரே தம் மனத்திலிருந்து எடுத்துச் சேர்க்கிறார் என்று ஆய்வாளர்கள் மெல்ல மெல்லக் கண்டறிந்தது மற்றொரு பகுதி. இக்கட்டுரை அவ்விரண்டையும் சுருக்கமாகக் கூறுகிறது.

கடிதமும் தந்தியும்

உணர்ச்சி என்பது உடலில் தோன்றுவது என்பது நம் முன்னோர் கருத்து. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே உண்டு. நகை, அழுகை, வெகுளி முதலான எட்டு மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. மெய்யில், அதாவது உடலில், வெளிப்படுவதால் அது மெய்ப்பாடு. முகமும் குரலும் இல்லாத எழுத்தில் இந்த மெய்ப்பாடு எப்படித் தோன்றும் என்பதுதான் கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் சந்தித்த சிக்கல்.

கடிதக் காலத்தில் இதற்குச் சில வழிகள் இருந்தன. திருமண அழைப்பின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினோம். பிரிப்பதற்கு முன்பே மங்கலச் செய்தி என்று தெரிந்துவிடும். துக்கச் செய்தி அட்டையில் கறுப்புக் கரை இருக்கும். கையெழுத்தின் நடுக்கமும், அடித்து எழுதிய இடமும், விளிக்கும் சொல்லும் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

தந்தி இவை அனைத்தையும் நீக்கியது. சொல்லுக்குக் காசு என்பதால் நலம் விசாரிப்பு, வாழ்த்து, விளி எல்லாம் போயின. பெரும்பாலான தந்திகள் ஒரே வகைத் தாளில் ஒரே மாதிரி வந்தன. என் சிறுவயதில் தெருவில் தந்திச் சேவகர் வந்து நின்றாலே பெண்கள் வாய்விட்டு அழத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் சில வேளை வேலை கிடைத்த செய்தியாக இருக்கும். தந்தியில் உணர்ச்சி எதுவும் எழுதப்படவில்லை; ஆயினும் வாசிப்பதற்கு முன்பே அந்த வீடு தன் அச்சத்தை அதில் ஏற்றிவிட்டது. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் வெறுமையான எழுத்தில் நம் அச்சத்தை ஏற்றும் வழக்கம் அதனோடு நின்றுவிடவில்லை.

அச்சுத் தொழிலிலும் முகத்தைக் கொண்டுவரும் முயற்சி நடந்தது. அமெரிக்காவின் 'பக்' என்ற நகைச்சுவை இதழ், 1881 மார்ச் 30 அன்று வெளிவந்த இதழில், புள்ளி, கோடு, அடைப்புக்குறி போன்ற அச்செழுத்துகளை அடுக்கி நான்கு முகங்களை வெளியிட்டது. மகிழ்ச்சி, சோகம், அலட்சியம், வியப்பு என்று அவற்றுக்குப் பெயரும் இட்டது. அது வேடிக்கைக்காகச் செய்தது. யாரும் அதைப் பின்பற்றவில்லை.

மின்னஞ்சலும் சிரிப்புக் குறியும்

1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், அர்பாநெட் என்ற வலைப்பின்னல் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். முகவரியில் '@' என்ற குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. சில ஆண்டுகளில் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடையே கணினி வழி உரையாடல் பரவியது. பேச்சைப் போல வேகமாக எழுதி உடனே அனுப்பும் பழக்கம் வந்தது. ஆனால் பேச்சில் இருக்கும் குரல் அதில் இல்லை.

இதனால் ஏற்பட்ட ஒரு சிறு குழப்பம் வரலாற்றில் இடம்பெற்றது. பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறையினர் ஒரு மின் அறிவிப்புப் பலகையில் எழுதிக்கொள்வது வழக்கம். 1982 செப்டம்பரில், கீழே விழும் மின்தூக்கிக்குள் பாதரசத்துளி இருந்தால் என்ன ஆகும் என்று இயற்பியல் புதிர் ஒன்றை விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர், இயற்பியல் சோதனையால் ஒரு மின்தூக்கியில் பாதரசம் கலந்துவிட்டது என்று விளையாட்டாக எச்சரிக்கை எழுதினார். சிலர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டனர். இனி வேடிக்கைக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பலர் பல குறிகளைப் பரிந்துரைத்தனர். செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்து :-) என்று எழுதி, தலையைச் சாய்த்துப் பார்க்கும்படி கூறினார். வேடிக்கை அல்லாததற்கு :-( என்ற குறி. காணாமல் போயிருந்த அந்தப் பழைய பதிவை 2002இல் சேமிப்பு நாடாக்களிலிருந்து தேடி எடுத்தார்கள்.

இதே பல்கலைக்கழகத்திலிருந்து 1984இல் முக்கியமான ஆய்வு ஒன்று வெளிவந்தது. சாரா கீஸ்லர், ஜேன் சீகல், திமதி மெக்குவயர் ஆகிய மூவரும், மூன்று மூன்று பேராக மாணவர்களைக் குழு சேர்த்து, சிலரை நேரிலும் சிலரைக் கணினி வழியாகவும் விவாதிக்க வைத்தார்கள். கணினி வழியாக விவாதித்தவர்கள் முடிவுக்கு வர அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். வசைச் சொற்களும் கடுஞ்சொற்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தன. முகக்குறிப்பும் குரலும் இல்லாததை அவர்கள் ஒரு முக்கியக் காரணமாகக் கருதினார்கள்.

இதுவரை நடந்த முயற்சிகள் எல்லாம் எழுதுபவர் பக்கமே இருந்தன. எழுதுபவர் சரியான குறியை இட்டுவிட்டால் வாசிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்பதே எல்லோருடைய எண்ணமும். வாசிப்பவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி அப்போது எழவில்லை. அக்கேள்விக்கான கருவிகள் உளவியலில் வேறொரு பாதையில் உருவாகிக்கொண்டிருந்தன.

ஆளுமையை அளந்த கதை

பி.எட். படித்தவர்களுக்குக் கல்வி உளவியல் தாளில் ஆளுமை ஒரு பாடம். கார்ல் யுங் 1921இல் வகுத்த அகமுகர், புறமுகர் என்ற பிரிவை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அதே 1921இல் ஹெர்மன் ரோர்ஷாக் வெளியிட்ட மைத்தடச் சோதனையும் பாடத்தில் இருந்தது. பொருளற்ற மைக்கறையைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பது அச்சோதனை. ஒருவர் வண்ணத்துப்பூச்சி என்பார்; மற்றொருவர் வேறு ஏதோ சொல்வார். அச்சோதனையின் நம்பகத்தன்மை பற்றிக் கடும் விவாதம் உண்டு. ஆயினும் தெளிவற்ற ஒன்றைப் பார்க்கும்போது மனிதர்கள் தங்களிடம் இருப்பதை அதில் சேர்க்கிறார்கள் என்ற எண்ணம் நம் கட்டுரைக்குத் தேவையானது.

ஆளுமையை அளக்க மற்றொரு வழி, மொழியிலிருந்து தொடங்கியது. மனிதர்களிடையே முக்கியமான வேறுபாடு எதுவோ அதற்கு மொழியில் சொல் இருக்கும் என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1884இல் ஒரு சொற்களஞ்சியத்தைப் புரட்டி, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயிரத்துக்குக் குறையாமல் இருக்கும் என்று மதிப்பிட்டார். 1936இல் அமெரிக்காவின் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் இருவரும் ஆங்கில அகராதியிலிருந்து ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த எர்னஸ்ட் டூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் இருவரும், இவ்வளவு சொற்களும் ஐந்து பெரும் தொகுதிகளுக்குள் அடங்குகின்றன என்று காட்டினார்கள். பிற்காலத்தில் லூயிஸ் கோல்ட்பர்க் முதலானோர் இதை உறுதிசெய்தனர். இன்று 'ஐம்பெரும் ஆளுமைக் கூறுகள்' என்று வழங்குவது இதுவே.

அவற்றை எளிமையாக இப்படிக் கூறலாம்:

1. புறமுகத்தன்மை – பிறரோடு கலந்து பழகுவதில் உற்சாகம் கொள்ளுதல்.
2. இணக்கம் – பிறரை நம்புதல், விட்டுக்கொடுத்தல், கனிவு.
3. பொறுப்புணர்வு – ஒழுங்கு, திட்டம், சொன்னபடி செய்தல்.
4. உணர்ச்சித் தளம்பல் – கவலை, பதற்றம், மனவாட்டம் ஆகியவற்றுக்கு எளிதில் ஆட்படுதல்.
5. புதுமை ஏற்பு – புதிய எண்ணங்களையும் அனுபவங்களையும் வரவேற்றல்.

ஒவ்வொருவரிடமும் இந்த ஐந்தும் ஏதோ ஓர் அளவில் இருக்கும். ஒருவர் முழுக்க அகமுகர், மற்றவர் முழுக்கப் புறமுகர் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பெரும்பாலோர் இடையில்தான் இருக்கிறார்கள்.

தெளிவற்றதைத் தீமை எனக் கொள்ளுதல்

வாசிப்பவர் பக்கம் திரும்பிய ஆய்வுகள் மின்னஞ்சலைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. முதலாவது, பள்ளிச் சிறுவர்களைப் பற்றியது. 1980இல் கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சிறுவன் ஒருவன் அடுக்கிக்கொண்டிருந்த புதிர்ப்பலகையை வேறொரு சிறுவன் கலைத்துவிட்டதாகச் சூழலை அமைத்தார். வேண்டுமென்றே கலைத்தது தெளிவாகத் தெரிந்தபோது எல்லாச் சிறுவரும் கோபப்பட்டார்கள். உதவி செய்யப் போய்க் கலைந்தது என்று தெரிந்தபோது எல்லோரும் பொறுத்தார்கள். வேண்டுமென்றா, தற்செயலா என்று தெரியாதபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. சண்டைக்குணம் உள்ள சிறுவர்கள் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொண்டார்கள். மற்றவர்கள் தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நின்ற எவருக்கும் இது புதிய செய்தி அன்று. ஒரே தோள் இடிபடும். ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவான், மற்றவன் கையை ஓங்குவான்.

இரண்டாவது, பதற்றத்தைப் பற்றியது. 1989இல் ஆன்ட்ரூ மாத்யூஸ், ஆன் ரிச்சர்ட்ஸ், மைக்கேல் ஐசெங்க் ஆகியோர், ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் உள்ள ஆங்கிலச் சொற்களைச் சிலருக்கு ஒலிக்கச் செய்து எழுதச் சொன்னார்கள். 'டை' என்று கேட்டால் சாவு என்றும் எழுதலாம், சாயம் என்றும் எழுதலாம். 'பெயின்' என்று கேட்டால் வலி என்றும் எழுதலாம், சன்னல் கண்ணாடி என்றும் எழுதலாம். பதற்ற நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அச்சம் தரும் பொருளிலேயே எழுதினார்கள். காதில் விழுந்தது எல்லோருக்கும் ஒரே ஒலிதான்.

மூன்றாவது, புறக்கணிப்பைப் பற்றியது. 1996இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரால்டின் டவுனி, ஸ்காட் ஃபெல்ட்மன் இருவரும், பிறர் தம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்று எப்போதும் எதிர்பார்த்திருக்கும் இயல்பு சிலரிடம் கூடுதலாக இருப்பதை அளந்தார்கள். ஒரு சோதனையில், உரையாடிக்கொண்டிருந்த ஒருவர் அதைத் தொடர விரும்பவில்லை என்று மட்டும் தெரிவிக்கப்பட்டது, காரணம் கூறப்படவில்லை. அந்த இயல்பு மிகுந்தவர்கள் தாங்கள் ஒதுக்கப்பட்டதாக அதிகம் வருந்தினார்கள். இன்று செய்தியைப் படித்ததற்கான இரண்டு நீலக்கோடுகள் விழுந்தும் பதில் வராதபோது ஒருவர் வேலையில் இருப்பார் என்று எண்ணுவதும், மற்றொருவர் இரவெல்லாம் தூங்காமல் இருப்பதும் இந்த வேறுபாடுதான்.

எழுதுபவரின் அதீத நம்பிக்கை

2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் தம் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து மின்னஞ்சலை நேரடியாகச் சோதித்தார்கள். மாணவர்கள் சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மற்றொருவருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிப் பேர் குரல் வழியாக, பாதிப் பேர் மின்னஞ்சல் வழியாக. எதிரில் இருப்பவர் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, இரு தரப்பினரும் ஏறத்தாழ 78 விழுக்காடு என்றார்கள். குரலில் கேட்டவர்கள் 73 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் 50 விழுக்காடு சரியாக வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி? 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவி எலிசபெத் நியூட்டன் செய்த மேசைத் தாளச் சோதனை இதை விளக்கும். நன்கு தெரிந்த பாடலை ஒருவர் விரலால் மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் பாடலைச் சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவர் மனத்தில் பாட்டு முழுமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வெறும் தட்டல்தான். செய்தி எழுதும்போதும் நம் குரல் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது எதிரில் இருப்பவருக்கும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். நண்பருக்கு நான் எழுதியபோது என் சிரிப்பு எனக்குக் கேட்டது. அவர் கைக்குப் போனது எழுத்து மட்டுமே.

2008இல் கிறிஸ்டின் பைரன் என்ற மேலாண்மைத் துறை ஆய்வாளர், அலுவலக மின்னஞ்சல்களில் இரண்டு வகைத் திரிபுகள் நேர்வதாக விளக்கினார். மகிழ்ச்சியாக எழுதியது சாதாரணமாகப் படிக்கப்படும் என்பது ஒன்று. சாதாரணமாக எழுதியதோ, சற்றே வருத்தமாக எழுதியதோ, மேலும் கடுமையாகப் படிக்கப்படும் என்பது மற்றொன்று. எழுத்தில் அன்பு குறைந்தும் கோபம் கூடியும் போய்ச் சேர்கிறது என்று இதைச் சுருக்கலாம்.

ஒரு புள்ளியும் ஒரு பிழையும்

2015இல் அமெரிக்காவின் பிங்காம்ட்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் குழுவினர் 126 மாணவர்களுக்குச் சில செய்திப் பரிமாற்றங்களைக் காட்டினார்கள். அழைப்பு ஒன்றுக்கு 'சரி' என்ற பொருளில் ஒரே சொல்லில் பதில். சிலவற்றில் சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தது, சிலவற்றில் இல்லை. முற்றுப்புள்ளி இட்ட பதில், மனப்பூர்வமானது அன்று என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே சொற்கள் கையெழுத்துக் குறிப்பாக இருந்தபோது அந்த வேறுபாடு தோன்றவில்லை. வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி இடு என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கற்பித்த எனக்கு இது வியப்பைத் தந்தது. நான் இடும் புள்ளியை என் பேத்தி ஏன் கோபம் என்று படிக்கிறாள் என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

ஐம்பெரும் கூறுகளை நேரடியாக மின்னஞ்சலோடு இணைத்த ஆய்வு 2016இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும், வீட்டில் உடன் தங்க ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்களைப் போலச் சில மின்னஞ்சல்களைத் தயாரித்து 83 பேரிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழை இல்லை. சிலவற்றில் தட்டச்சுப் பிழைகள். சிலவற்றில் இலக்கணப் பிழைகள். எழுதியவர் எப்படிப்பட்டவர், உடன் தங்கத் தக்கவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு படித்தவர்களின் ஆளுமையையும் அளந்தார்கள். புறமுகத்தன்மை மிகுந்தவர்கள் பிழைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அகமுகர்கள் அதே பிழைகளுக்காக எழுதியவரைக் குறைத்து மதிப்பிட்டனர். இணக்கம் குறைந்தவர்களை இலக்கணப் பிழை அதிகம் உறுத்தியது. எழுதியவரை ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. ஒரே மின்னஞ்சலில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மனிதர் தெரிந்தார்.

எமோஜி தீர்த்ததும் தீர்க்காததும்

எழுத்தில் முகத்தைக் கொண்டுவரும் முயற்சி இதற்கிடையே வெகுதூரம் வந்திருந்தது. 1999இல் ஜப்பானின் டொகோமோ கைப்பேசி நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிதா 176 சிறு படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் நீளத்தில் 12, அகலத்தில் 12 புள்ளிகள் கொண்டது. 2010இல் எமோஜிகள் ஒருங்குறித் தரத்தில் சேர்க்கப்பட்டபின் உலகெங்கும் பரவின. இனி உணர்ச்சியில் குழப்பம் இராது என்று பலர் நம்பினார்கள்.

ஆனால் முகத்தைப் படிப்பதிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானியர் கண்களையும், அமெரிக்கர் வாயையும் அதிகம் கவனித்து உணர்ச்சியைப் படிக்கிறார்கள் என்று மசாகி யூகி குழுவினர் 2007இல் எழுதினார்கள். 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே எமோஜியின் ஒரே படத்தைப் பார்த்தவர்களிடையேகூட, அது நல்லுணர்ச்சியா, தீய உணர்ச்சியா, நடுநிலையா என்பதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கருத்து வேறுபாடு இருப்பதைக் கண்டார்கள். எழுத்துக்குப் பொருள் சொல்ல வந்த படத்துக்கும் பொருள் சொல்ல வேண்டியதாயிற்று.

இது நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் 2021இல் தானிய நிறுவனம் ஒன்று, ஆளிவிதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிசெய்யுமாறு கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜியைப் பதிலாக அனுப்பினார். ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று மட்டுமே அதற்குப் பொருள் என்றார் விவசாயி. ஒப்புக்கொண்டதாகப் பொருள் என்றது நிறுவனம். ஆளிவிதை வந்து சேரவில்லை. முன்பு நடந்த வியாபாரங்களில் அவர் 'சரி' என்ற பொருளில் ஒரு சொல்லில் பதில் அனுப்பிவிட்டு விதையை அனுப்பி வந்ததைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், 2023 ஜூனில், அவர் ஏறத்தாழ 82,200 கனடிய டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை ஏற்றது. எமோஜியை மட்டும் பார்க்காமல் இருவருடைய பழைய பழக்கத்தையும் வைத்து நீதிமன்றம் பொருள் கண்டது கவனிக்கத்தக்கது.

நம் மொழியில் ஒரு சிக்கல்

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழில் எழுதும்போது மற்றொரு சிக்கல் சேர்கிறது. 'வா', 'வாங்க', 'வாருங்கள்' மூன்றும் நேர்ப்பேச்சில் குரலோடு வருகின்றன. எழுத்தில் 'ங்க' விடுபட்டால் மரியாதைக் குறைவு. நெருங்கியவரிடம் திடீரென்று சேர்ந்துகொண்டால் ஏதோ மனத்தாங்கல். வழக்கமாக 'அண்ணே' என்று எழுதுபவர் ஒருநாள் 'சார்' என்று எழுதினால் போதும், என்ன தவறு செய்தோம் என்று சிலர் நாள் முழுவதும் யோசிப்பார்கள். சிலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். கைப்பேசியே சொல்லை முடித்துத் தரும் இக்காலத்தில், அந்த 'சார்' அவர் எண்ணியதா, இயந்திரம் இட்டதா என்பதும் தெரியாது.

எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியவை

இவ்வாய்வுகளை மாணவர்கள் படிக்கும்போது சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவதாக, இவை கூட்டத்தின் சராசரியைக் கூறுகின்றன. அகமுகர் எவரும் கடுமையாகவே படிப்பார் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவதாக, பல சோதனைகளில் பங்கேற்றவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். அவர்களைக் கொண்டு உலகத்தை அளக்க முடியாது. மூன்றாவதாக, ஆளுமை மட்டுமே காரணம் அன்று. உறவு, பழக்கம், வயது, அன்றைய மனநிலை எல்லாம் உண்டு. நான்காவதாக, "உன் குணம் அப்படி, அதனால்தான் தவறாகப் புரிந்துகொண்டாய்" என்று சொல்லி எழுதியவர் தப்பித்துக்கொள்ளவும் இவ்வாய்வுகள் இடம் தரவில்லை. சில செய்திகள் உண்மையிலேயே புண்படுத்துபவை.

க்ரூகர் குழுவின் ஆய்வில் பயனுள்ள ஒரு வழி உண்டு. தாம் நினைத்ததற்கு எதிரான தொனியில் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தவர்களிடம் அந்த அதீத நம்பிக்கை குறைந்தது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை கோபக்குரலில் படித்துப் பார்த்தால், எதிரில் இருப்பவர் எப்படிப் படிக்கக்கூடும் என்பது நமக்கே கேட்கும். அதுபோல, வந்த செய்தி சுடுவதாகத் தோன்றினால், நமக்குப் பிடித்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக எண்ணி மறுமுறை படிக்கலாம். அப்போதும் சுட்டால் கைப்பேசியில் எழுத வேண்டாம், அழைத்துப் பேசலாம்.

முடிவுரை

ஐந்து மாதங்களுக்குப் பிறகு ஒரு திருமண வீட்டுப் பந்தியில் நண்பரும் நானும் அடுத்தடுத்து உட்கார நேர்ந்தது. "கார் கத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கு சார்?" என்றார். இருவரும் சற்று நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே சொன்னார். நான் எழுதியதற்கு முதல் நாள் இரவு, அதே சொற்களை அவருடைய மகன் அவரிடம் உரக்கச் சொல்லியிருக்கிறார். கார் வகுப்புக்குப் பணம் தர மறுத்திருக்கிறார். மறுநாள் காலை என் செய்தியை அவர் மகனுடைய குரலில் படித்திருக்கிறார்.

நண்பர் எந்தச் சொல்லையும் எளிதில் விடுபவர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். முந்தின இரவு நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்ததை நான் கருதவில்லை, தெரியாததைக் கேட்கவில்லை. 'பக்' இதழின் அச்சு முகங்கள் முதல் இன்றைய எமோஜி வரை எழுத்தில் குரலைச் சேர்க்க மனிதர்கள் முயன்றுகொண்டே இருக்கிறார்கள். அம்முயற்சிகள் பயனுள்ளவை. ஆனால் எழுத்தைத் திறப்பவர் தம் குணத்தோடும் தம் நேற்றைய இரவோடும்தான் அதைத் திறக்கிறார். இதை எழுதுபவரும் நினைவில் வைக்க வேண்டும், வாசிப்பவரும் நினைவில் வைக்க வேண்டும்.

நண்பர் மறுபடியும் குழுவில் சேர்ந்துவிட்டார். அடுத்த மாதமே கார் வகுப்பிலும் சேர்ந்தார். அவரைக் கேலி செய்ய வேண்டும் என்று தோன்றினால் இப்போது தொலைபேசியில் அழைத்துத்தான் செய்கிறேன்.